வாசிப்பு வட்டத்துக்கு: இழப்பைத் தாங்கி நிற்கும் பெண்களின் நாவல்கள் எவை?

தக்கலை வாசகி:
எங்கள் வாசிப்பு வட்டத்தில் 12 பெண்கள். தையலும் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வேலையும் பார்ப்பவர்களே அதிகம். ராத்திரி அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. மாதம் ஒரு நாவல் என்று திட்டம். கஷ்டத்திலும் உடைந்து போகாத பெண்களின் கதைகள் வேண்டும். எதில் தொடங்கலாம்? எந்த வரிசையில் போகலாம்?

பனைவிளை:
அக்கா, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) முதலில் இருக்கட்டும். சின்ன நாவல், நாளுக்கு 8 பக்கம் படித்தாலே மாதத்துக்குள் முடிந்துவிடும். அக்கானியும் (பதநீர்) கருப்பட்டியும் மணக்கிற நம்ம குமரி மாவட்டப் பேச்சு. லிஸி பெரியவளானதும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். பனையேறியின் மகன் தங்கராஜை அவள் விரும்ப, குடும்பப் பெருமை குறுக்கே நிற்கிறது. அவள் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பவள் இல்லை. அதனால் ‘இவ என்னத்த செஞ்சா?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். எந்தெந்த இடத்தில் அவள் வாய் திறக்காமலே இணங்க மறுக்கிறாள் என்று பென்சிலால் கோடு போட்டு வரச் சொல்லுங்கள். பேச்சு தானாக வளரும்.

அடுத்த மாதம் மலர்வதியின் ‘தூப்புக்காரி’. 2012-இல் சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குக் கொடுக்கும் யுவ புரஸ்கார் விருது வாங்கியது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் கனகம், அவள் மகள் பூவரசி. அம்மையின் வாரியல் (துடைப்பம்) மகள் கைக்கு வருகிற இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள், நாவலின் உயிரே அங்கேதான். கழிவையும் அழுக்கையும் மறைக்காத எழுத்து என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரணியல் வாசகன்:
நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) சேர்க்காமல் விடாதீங்க. ஆனால் முதல் மாதம் வேண்டாம். சடங்கு, பழங்கதை, உறவுமுறை என்று தொடக்கம் மெதுவாகப் போகும், பாதிப்பேர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்கள். உறவுமுறையை ஒரு தாளில் வரைந்து பின் அட்டையில் ஒட்டிக் கொடுங்க. உரையாடலை ஒருத்தர் சத்தமாக வாசித்தால் இரணியல் பேச்சு காதில் சட்டென்று பிடிபடும். கண்ணால் மட்டும் படித்தால் திணறும். இதற்கு 2 மாதம் ஒதுக்குங்க.

புகுந்த வீட்டிலிருந்து பழி சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட நாகம்மையின் துயரம் பெரும்பாலும் தம்பி திரவியின் கண் வழியாகத்தான் வருகிறது. அவளே சொல்லியிருந்தால் கதை எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் வட்டத்தில் கேட்டுப் பாருங்க.

வடசேரி நூலகம் பக்கம்:
கடைசியாக இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994). இது தென்னார்க்காட்டுப் பேச்சு, நமக்குப் பழக 20 பக்கமாவது ஆகும். ஊர்த்துணி வெளுத்து, ராச்சோறு எடுத்து, களத்து நெல்லை நம்பிப் பிழைக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. பாலியல் வன்முறைக் காட்சி உண்டு. புத்தகம் கொடுக்கும்போதே இதைச் சொல்லுங்கள்; வேண்டாம் என்பவருக்கு ‘புத்தம் வீடு’ மறுவாசிப்பு.

ஆரோக்கியத்துக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள், எப்போது குறைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே படிக்கணும். தையல் மிஷினும் சலவைக் கடையும் ஊருக்குள் வந்த பிறகு அவள் பிழைப்பு எப்படிச் சுருங்குகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். தையல் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தப் பகுதியில் பேச நிறைய இருக்கும்.

12 பேருக்கு 4 பிரதி போதும், ஒரு பிரதியை 3 பேர் வாரத்துக்கு ஒருவராகக் கைமாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மெதுவாகப் படிப்பவர்தான் அதில் விடுபடுவார். 6 பிரதியாவது வாங்குங்கள், 2 பேருக்கு 1 வீதம், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர்களாகச் சேர்த்து.