'சுட்டும் விழிச்சுடர்': ஒரே தொடக்கம், இரண்டு பாட்டு

கேள்வி:
'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ஹரிஹரன் பாடியது பாரதியின் வரிகள். 'கஜினி' (2005) பாட்டும் அதே சொற்களில்தான் தொடங்குகிறது, ஆனால் எழுதியவர் நா.முத்துக்குமார், இசை ஹாரிஸ் ஜெயராஜ். என் மருமகள் இரண்டையும் ஒன்றென்கிறாள். முதலடியை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போவது சரிதானா?

பதில் 1:
தாராளமாகப் போகலாம். பாரதி தன் காதலி கண்ணம்மாவின் புடவையை நள்ளிரவு வானமாகவும், அதில் பதித்த வயிரங்களை நட்சத்திரங்களாகவும் பார்த்து மலைத்து நிற்கிறார். பேசுவது அவர் ஒருவர்தான். கஜினியிலோ பம்பாய் ஜெயஸ்ரீயும் ஸ்ரீராம் பார்த்தசாரதியும் மாறி மாறிப் பாடுகிறார்கள். கண்ணம்மாவுக்கும் வாய் கிடைத்துவிட்டது! எனக்கு அது பிடித்திருக்கிறது.

பதில் 2:
பாரதியே மெட்டுக்குக் குறிப்பு வைத்திருக்கிறார் ஐயா. 'கண்ணன் பாட்டு' நூலில் இதற்குச் செஞ்சுருட்டி ராகம், ஏக தாளம், சிருங்காரமும் (காதல்) அற்புதமும் (வியப்பு) ரசங்கள். சினிமாக்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் கடைசிக் கண்ணியைப் படியுங்கள். பெரியவர்கள் சம்மதமும் கல்யாணமும் பிறகு ஆகட்டும் என்று சொல்லி, கன்னத்தில் முத்தம் வைத்துவிடுகிறார் மனிதர். அந்தக் குறும்பு எந்த மெட்டில் வருகிறது என்பதே என் அளவுகோல்.

கேள்வி கேட்டவர்:
செஞ்சுருட்டியில் யாராவது பாடிய பதிவு இருந்தால் சொல்லுங்கள். மருமகளுக்கு அனுப்ப வேண்டும்.