வேனை வீடாக்கினேன், டயரில் காற்று எவ்வளவு?

காட்பாடிக்காரன்: பழைய டெம்போ வேனில் தேக்குக் கட்டில், அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டேன். பஞ்சர் கடைக்காரர் டயரில் போட்டிருக்கும் அளவையே அடிக்கச் சொல்கிறார். அடித்தால் தட்டு டம்ளரெல்லாம் குதிக்கிறது. எவ்வளவு வைப்பதுண்ணே?

ராணிப்பேட்டை லாரிக்காரன்: தம்பி, அது டயர் முழுப் பாரம் தாங்குவதற்கான அளவு. தொட்டியை நிரப்பி, வீட்டாரையும் ஏற்றி, எடை மேடையில் முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எடை போடு. டயர் கம்பெனியின் பார அட்டவணையில் அந்த எடைக்கு எவ்வளவு என்று பார்த்து அடி. சும்மா குத்துமதிப்பு வேண்டாம்.

ஆம்பூரான்: விடியற்காலை, வண்டி எடுக்கும் முன் பாருங்கள். வேலூர் வெயிலில் ஓடி நின்றதும் மீட்டர் ஏறித்தான் காட்டும்; காற்றை இறக்காதீர்கள். நான் இறக்கினேன். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஆடிக்கொண்டே ஏறியது. வீட்டுக்காரி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

காட்பாடிக்காரன்: எடை போட்டேன்ண்ணே. பின் அச்சில்தான் பாரம். எல்லாம் அந்தத் தேக்குக் கட்டில் செய்த வேலை.