ரூட்டர் மாற்றியதிலிருந்து சர்வரைத் தொட முடியவில்லை, ஃபயர்வாலை அணைத்தால் மட்டும் வேலை செய்கிறது

மஞ்சக்குப்பம் கணக்கர்
வணக்கம். கடலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஆறு சிஸ்டம் இருக்கிறது, அதில் ஒன்றைத்தான் சர்வர் என்கிறோம், பெரிதாக ஒன்றுமில்லை, விண்டோஸ் 11 ப்ரோ போட்ட சாதாரண கம்ப்யூட்டர்தான். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் டேட்டா, அதன் லைசென்ஸ், கிளையன்ட் ஃபோல்டர் எல்லாம் அதில். போன வாரம் இடி மழையில் ரூட்டர் போய்விட்டது, புதுசு மாட்டினோம். அன்றிலிருந்து எல்லா சிஸ்டத்திலும் நெட் வருகிறது, பிரிண்டர் ஓடுகிறது, ஆனால் சர்வரின் ஷேர் ஃபோல்டர் திறக்க மாட்டேன் என்கிறது, சர்வர் பதில் சொல்கிறதா என்று பிங் அடித்தால் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட், டேலி லைசென்ஸ் கிடைக்காமல் எஜுகேஷனல் மோடில் போய் நிற்கிறது. மற்ற ஐந்து சிஸ்டத்திலும் விண்டோஸ் ஃபயர்வாலை (நெட்வொர்க்கில் வருவதைத் தடுக்கும் காவல்) அணைத்துப் பார்த்தாயிற்று, பயனில்லை. சர்வரில் அணைத்தால் உடனே எல்லாம் வருகிறது. 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும், சார் "அணைத்தே வைத்துவிடு" என்கிறார். அப்படி விடலாமா?

திருப்பாதிரிப்புலியூர் மொபைல்ஸ்
விடுங்கண்ணே. ரூட்டருக்குள்ளேயே ஒரு ஃபயர்வால் இருக்கிறது, வெளியிலிருந்து யாரும் வர முடியாது. எங்கள் கடையில் அணைத்துதான் கிடக்கிறது.

புதுவை நெட்வொர்க்
ரூட்டர் வெளியிலிருந்து வருவதைத்தான் தடுக்கும் தம்பி. ஆடிட்டர் ஆபீஸில் நாள் முழுக்க யாராவது பென்டிரைவோடு வருவார்கள், ஒரு சிஸ்டத்துக்குள் வைரஸ் வந்துவிட்டால் பக்கத்து சிஸ்டத்துக்குப் போக ரூட்டரைத் தாண்ட வேண்டியதே இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் வந்தபோது 445 போர்ட் (ஃபைல் ஷேரிங் நடக்கும் வாசல் எண்) வழியாக இப்படித்தான் சிஸ்டம் விட்டு சிஸ்டம் தாவியது. அந்த சர்வரில்தான் அத்தனை கிளையன்ட் கணக்கும் இருக்கிறது.

கணக்கர் சார், மற்ற சிஸ்டங்களில் ஃபயர்வாலை முதலில் ஆன் செய்துவிடுங்கள். விண்டோஸ் ஃபயர்வால், நாமாக ஒன்றும் மாற்றாதவரை, வெளியே போவதை விட்டுவிடும், உள்ளே வருவதைத்தான் நிறுத்திக் கேட்கும். இங்கே கேட்கிறவர்கள் அந்த ஐந்து பேர், வாசலை மூடி வைத்திருப்பது சர்வர்.

ரூட்டர் மாறினால் விண்டோஸுக்கு அது வேறு நெட்வொர்க். புது நெட்வொர்க் என்றால் பெரும்பாலும் பப்ளிக் என்று போட்டுக்கொள்ளும், அதாவது ராக் பீச் பக்கம் ஏதோ ஒரு கஃபேயின் வைஃபையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஃபைல் ஷேரிங்கை மூடிவிடும், பிங்குக்கும் பதில் சொல்லாது. சர்வரில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் போய்ப் பாருங்கள். பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் ஆக்குங்கள், ஃபயர்வாலை ஆன் செய்துவிட்டுச் சோதியுங்கள்.

மஞ்சக்குப்பம் கணக்கர்
பப்ளிக்தான் இருந்தது! பிரைவேட் ஆக்கியதும் ஃபோல்டர் திறந்துவிட்டது, பிங்கும் போகிறது. ஆனால் டேலி இன்னும் எஜுகேஷனல்தான். ஃபயர்வாலை அணைத்தால் லைசென்ஸ் எடுக்கிறது, ஆன் செய்தால் போய்விடுகிறது.

திருப்பாதிரிப்புலியூர் மொபைல்ஸ்
நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்நேரம் பாதி ரிட்டர்ன் முடிந்திருக்கும் 😄

புதுவை நெட்வொர்க்
ஃபோல்டர் போவது 445-இல், டேலி லைசென்ஸ் வழக்கமாக 9999-இல். முதலாவதற்கு விண்டோஸிலேயே விதி இருக்கிறது, இரண்டாவதற்கு யாராவது தனியாக எழுதியிருக்க வேண்டும். ஊகிப்பதை விட, ஃபயர்வால் எழுதி வைக்கும் பதிவான லாகைப் பார்த்துவிடலாம். அட்வான்ஸ்டு செக்யூரிட்டி என்று வரும் ஃபயர்வால் விண்டோவைத் திறந்து, ப்ராப்பர்ட்டீஸில் பிரைவேட் ப்ரொஃபைல், லாகிங், கஸ்டமைஸ் போய் "டிராப்டு பாக்கெட்ஸ்" என்பதற்கு எஸ் கொடுங்கள். ஒரு சிஸ்டத்தில் டேலியைத் திறக்கப் பாருங்கள். அப்புறம் சர்வரில் சிஸ்டம்32, லாக்ஃபைல்ஸ், ஃபயர்வால் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலைத் திறந்தால் தேதி, நேரத்துக்கு அடுத்து டிராப் என்று போட்ட வரிகள் இருக்கும், எந்த ஐபியிலிருந்து (சிஸ்டத்தின் நெட்வொர்க் எண்) எந்தப் போர்ட்டுக்கு வந்ததைத் தள்ளியது என்று வரிசையாகத் தெரியும். அந்த போர்ட்டுக்கு இன்பவுண்டு ரூல்ஸில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது எந்த ஐபிக்காரர்களுக்குப் பொருந்தும் என்று சொல்லும் ஸ்கோப் டேபையும் பாருங்கள், பலர் அதைத் திறப்பதே இல்லை.

மஞ்சக்குப்பம் கணக்கர்
லாகில் 9999 வரிசையாக விழுந்து கிடக்கிறது. ஆனால் அதற்கு ஒரு ரூல் ஏற்கெனவே இருக்கிறது, பச்சை டிக்கோடு, அலவ் என்றுதான் போட்டிருக்கிறது, அதனால்தான் குழம்பினேன். ஸ்கோப்பில் ரிமோட் ஐபி 192.168.1.0/24. இப்போது எங்கள் சிஸ்டங்கள் எல்லாம் 192.168.0 என்று தொடங்குகின்றன.

புதுவை நெட்வொர்க்
பழைய ரூட்டர் 192.168.1 கொடுத்திருக்கும், புதுசு 0 கொடுக்கிறது, அந்த விதி பழைய எண்காரர்களை மட்டும்தான் உள்ளே விடும். எழுதியவர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். ஸ்கோப்பில் அந்த எண்ணை எடுத்துவிட்டு, ஆட் கொடுத்து, "லோக்கல் சப்நெட்" என்று பட்டியலில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அடுத்த முறை ரூட்டர் மாறினாலும் இதைத் தொட வேண்டாம். "எனி" மட்டும் போட்டுவிடாதீர்கள், யார் வந்தாலும் உள்ளே விட்டுவிடும்.

மஞ்சக்குப்பம் கணக்கர்
வந்துவிட்டது! ஆறிலும் ஃபயர்வால் ஆனில் இருக்கிறது, டேலி ஓடுகிறது. மிக்க நன்றி சார். ஆன்டிவைரஸ் வேறு ரெனியூவலுக்கு வருகிறது, அதில் தனியாக ஃபயர்வால் இருக்கிறதாம், அதையும் போட்டுக்கொள்ளலாமா?

புதுவை நெட்வொர்க்
போட்டால் பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வாலின் வேலையை அது எடுத்துக்கொள்ளும், இன்று செய்த விதிகளை அங்கே மறுபடி எழுத வேண்டியிருக்கும். 20 தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம்.