புதுப்பிப்பு: மலை ரயில் படம் என்ன ஆயிற்று?

நீலகிரி மலை ரயில் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் "ஊட்டிக்கு வந்த முதல் ரயில், 1899" என்று ஒரு படம் இருக்கிறது, அது இடிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

படத்தைப் பெரிதாக்கினால் நிலையப் பலகையில் லவ்டேல் என்று படிக்க முடிகிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் உள்ள நிலையம் அது. பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் (செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பல் வைத்த சட்டம்) இல்லை. பல்சட்டம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான், அதற்கு மேலே சாதாரணப் பாதை. 1899-இல் ரயில் குன்னூரோடு நின்றுவிட்டது. ஊட்டி வரை நீண்டது 1908-இல். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மேற்கோள்தான் பெரிய கூத்து. 1899-க்கு ஆதாரமாகக் கிரிக் என்பவர் எழுதிய நீலகிரி மாவட்டக் கையேட்டைக் காட்டியிருந்தார்கள். அது அச்சானதே 1880-இல்! இன்னொன்று ஒரு நாளிதழ்க் கட்டுரை. வரிக்கு வரி விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்தது, எழுத்துப்பிழை உட்பட. விக்கிப்பீடியாவின் தொகுப்பு வரலாற்றை (எப்போது என்ன மாற்றப்பட்டது என்ற பதிவை) புரட்டினால் நம் பத்திதான் நாளிதழைவிட மூத்தது. இரண்டையும் தூக்கியாயிற்று. 2005 யுனெஸ்கோ அங்கீகாரம் பற்றிய பத்தி சரி, அதில் கைவைக்கவில்லை.

படத்தின் உரிமம் இன்னும் இழுபறி. "பழைய படம்தானே, யார் கேட்கப்போறாங்க" என்கிறார் குன்னூர் நண்பர். இந்தியச் சட்டப்படி, எடுத்தவர் பெயர் தெரியாத புகைப்படத்துக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். எப்போது வெளியானது என்று காட்ட வேண்டுமே? ஏற்றியவரோ 'சொந்தப் படைப்பு' என்று போட்டிருக்கிறார். நூறு வயது தாண்டியவர் போலிருக்கிறது. பின்னால் ஆண்டு ஏதும் எழுதியிருக்கிறதா என்று பார்க்க, படத்தின் பின்பக்கத்தை ஸ்கேன் செய்து தாருங்கள் என்று கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேட்டிருக்கிறேன். அதுவரை படவிளக்கம் "லவ்டேல் நிலையம், 1908 அல்லது அதற்குப் பின்".