சின்ன விமானத்துல ரிசர்வ் கிடையாதா?

ஸ்பிளெண்டர்_செல்வம்:
ஒரு சந்தேகம், சிரிக்காதீங்க. என்னோட பழைய ஸ்பிளெண்டர் திணற ஆரம்பிச்சா இடது கை தன்னால டேங்குக்குக் கீழ போய் ரிசர்வைத் திருப்பிடும். கண்ணு ரோட்டை விட்டு நகராது. சின்ன விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்துச்சுன்னு அடிக்கடி படிக்கிறேனே, அதுல முள்ளு இருக்காதா? ரிசர்வ் இருக்காதா? படிச்சவங்கதானே ஓட்டுறாங்க?

செஸ்னாக்காரன்:
சிரிக்க மாட்டேன். நீங்க சொன்ன அந்த ரிசர்வ் சாவிதான் பாடகர் ஜான் டென்வர் உயிரை வாங்குச்சு.

முதல்ல உங்க கேள்வி. நான் கலிபோர்னியால செஸ்னா 172ன்னு ஒரு சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுறவன். முள்ளு இருக்கு, ஆனா ஆடிக்கிட்டே இருக்கும், நம்ப மாட்டோம். கிளம்புறதுக்கு முன்னாடி ஏறி நின்னு இறக்கை மேல இருக்கிற மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்து பார்ப்போம். சாம்பார் அண்டால கரண்டி விட்டுப் பார்க்கிற மாதிரிதான். ரிசர்வும் உண்டு, ஆனா கணக்குல மட்டும்: போய்ச் சேர்ந்த பிறகும் பகல்ல 30 நிமிஷம், ராத்திரில 45 நிமிஷம் பறக்க மிச்சம் இருக்கணும்னு இங்க சட்டம். அப்படியும் 2011-2015ல அமெரிக்காவுல வருஷத்துக்குச் சராசரியா 50க்கு மேல விபத்து எரிபொருள் விஷயத்துல மட்டும்.

இப்போ டென்வர். 1997 அக்டோபர் 12, கலிபோர்னியால மான்டெரே விரிகுடா. லாங்-ஈஸின்னு ஒரு விமானம், வரைபடத்தை வாங்கி வீட்டிலேயே கட்டிக்கிறது. இவர் இன்னொருத்தர் கட்டினதை வாங்கினார், கைக்கு வந்தது முந்தின நாள்தான். இடது, வலதுன்னு ரெண்டு டேங்க். மாத்துற கைப்பிடி மூல வடிவமைப்புல கால்களுக்கு நடுவுல. கட்டினவர் பெட்ரோல் குழாய் முன்னாடி வரவேண்டாம்னு நினைச்சு, ஓட்டுறவரோட இடது தோளுக்குப் பின்னாடி வச்சுட்டார். எது எந்த டேங்க்னு ஒரு எழுத்துகூட இல்லை. அளவு காட்டுற கண்ணாடிக் குழாயும் முதுகுக்குப் பின்னாடி, அதைப் பார்க்க ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி கொடுத்திருக்காங்க!

இடது டேங்க்ல கால்வாசிக்கும் கீழ, வலதுல பாதிக்கும் கீழன்னு மெக்கானிக் பார்த்துச் சொன்னார். ஒரு மணி நேரம்தானே, போதும்னு ரொப்பாம கிளம்பினார். கீழிருந்து பார்த்தவங்க 350-லிருந்து 500 அடி உயரம்னாங்க. இன்ஜின் விக்கின சத்தம், அப்புறம் மூக்கு குத்தி கடல்ல.

கைப்பிடியை எட்டணும்னா வலது கைல இருக்கிற ஸ்டிக்கை (விமானத்தை ஓட்டுற கட்டை) விட்டுட்டு உடம்பை முழுசா இடது பக்கம் திருப்பணும். அப்படித் திரும்பும்போது வலது கால் தானா ரடர் பெடலை, அதாவது விமானத்தோட மூக்கைப் பக்கவாட்டுல திருப்புற பெடலை, அழுத்திடுது; விமானம் கட்டுப்பாடு இழந்துடுது. விசாரணையில இதைத்தான் முக்கியக் காரணமா எழுதினாங்க.

நாட்டாமை_மதுரை:
கதை நல்லா இருக்கு. ஆனா அவர் குடிச்சிருந்தார்னுதான் நான் கேள்விப்பட்டது.

செஸ்னாக்காரன்:
பிரேதப் பரிசோதனையில மதுவே இல்லைங்க. குடிச்சுட்டு கார் ஓட்டி மாட்டினதால, பறக்கத் தேவையான மருத்துவச் சான்று அவர்கிட்ட அப்போ செல்லாது, அது உண்மை. ரெண்டையும் சேர்த்து ஊர் ஒரு கதை கட்டிடுச்சு. 2,700 மணி நேரத்துக்கு மேல பறந்தவர். ஆனா இந்த வகையில பழகினது அரை மணி நேரம். எனக்குக் கோபம் வர்றது கட்டினவர் மேலயும் இல்லை, “ஒரு மணி நேரம்தானே” மேல. அதே வார்த்தையை நானும் ரெண்டு தடவை வாய்க்குள்ள சொல்லியிருக்கேன்; பெட்ரோல் ஊத்துற வண்டி வர லேட்டாகும்னு.

ஸ்பிளெண்டர்_செல்வம்:
அண்ணே, வண்டியை சென்டர் ஸ்டாண்டுல போட்டு உட்கார்ந்து, வலது கையால இடது தோளுக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தேன். மூணு தடவை. மூணு தடவையும் வலது கால் பிரேக்கை மிதிச்சிடுச்சு. எனக்கே தெரியலை, பின்னாடி லைட் எரியுதுன்னு பையன்தான் சொன்னான்.