எரிபுலினில் கடற்பஞ்சு எங்கே இருக்கிறது?

வேதிமணி:
"மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் எரிபுலின், ஜப்பான் கடற்பஞ்சைப் பிழிந்தெடுத்த இயற்கைச் சாறு; பக்கவிளைவே கிடையாது" என்று நேற்று கடலோடி அளந்துவிட்டிருக்கிறார். அந்த ஊசியில் பஞ்சு ஒரு துளிகூட இல்லை. அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் ஆலையில் கட்டிய மூலக்கூறு அது.

கடலோடி:
1986இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹிராட்டாவும் உயெமுராவும், எரிபுலினுக்கு மூலமான ஹாலிகோன்ட்ரின் பி என்ற பொருளை எங்கிருந்து எடுத்தார்களாம்? உங்கள் ஆலையிலிருந்தா? கடற்பஞ்சிலிருந்துதானே!

வேதிமணி:
எடுத்தார்கள். நியூசிலாந்தில் வேறொரு பஞ்சை 1 டன் அள்ளியும் அந்தப் பொருள் சுமார் 300 மில்லிகிராம்தான் தேறியது. அந்தக் கணக்கில் மருந்து செய்தால் கடலில் பஞ்சும் மிஞ்சாது, நோயாளியும் மிஞ்சமாட்டார். 1992இல் ஹார்வர்டில் வேதியியலாளர் கிஷியின் குழு ஹாலிகோன்ட்ரின் பி-யை முழுமையாகச் செயற்கையில் உருவாக்கியது. அதில் ஒரு பாதியே போதும் என்று தெரிந்த பிறகு வந்ததுதான் எரிபுலின். 2010இல் அமெரிக்கா அனுமதித்தது. மறுபடியும் கேட்கிறேன்: பஞ்சு எங்கே?

அலைவாய்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். டிராபெக்டெடின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து கரீபியன் கடல் உயிரி ஒன்றில் கிடைத்தது. இப்போது பாக்டீரியாவை நொதிக்கவைத்துப் பெறும் பொருளிலிருந்து தயாரிக்கிறார்கள். இதை இயற்கை என்பதா, செயற்கை என்பதா?

வேதிமணி:
பேச்சு எரிபுலினைப் பற்றி. பஞ்சு எங்கே?

கடலோடி:
அலைவாய் எனக்குத்தான் சாட்சி சொல்கிறார். கடல் காட்டிக்கொடுக்காமல் எந்த வேதியியல் மேதைக்கு இந்த வடிவம் தோன்றியிருக்கும்? நான் கடலில் முங்கி வளர்ந்தவன் ஐயா, பாடநூலில் முங்கியவன் அல்ல.

அலைவாய்:
நான் யாருக்கும் சாட்சி சொல்லவில்லை.

வேதிமணி:
நீங்கள் எவ்வளவு நேரம் மூச்சடக்குவீர்கள் என்று இங்கே எவரும் கேட்கவில்லை. எரிபுலின் போட்டால் வெள்ளணுக்கள் குறையும், கைகால் நரம்புகள் மரத்துப்போகும். "பக்கவிளைவே கிடையாது" என்ற வரியை எப்போது நீக்கப்போகிறீர்கள்? போன வருடம் சுறாவுக்குப் புற்றுநோயே வராது என்று சொல்லிக் குருத்தெலும்பு மாத்திரைக்குக் கொடி பிடித்தவரும் தாங்கள்தானே? சுறாவுக்கும் வரும்.

கடலோடி:
அந்தப் பழைய வஞ்சத்தை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறீர்களா? அன்று என் பதிவை நீக்கச்சொல்லி நிர்வாகியிடம் கோள் சொன்னது யார்?

வேதிமணி:
சொன்னேன். இதற்கும் சொல்வேன். பஞ்சு எங்கே?

கடலோடி:
சைட்டராபின் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்தின் கதையை எடுத்தால் ஓடிவிடுவீர்கள்.

வேதிமணி:
எடுங்களேன்! அதுவும் ஆலையில் செய்ததுதான். பஞ்சில் கண்ட நியூக்ளியோசைடு (டி.என்.ஏ.வின் கட்டுமானக் கூறு போன்ற பொருள்) அதற்கு முன்மாதிரி, அவ்வளவே.

கடலோடி:
முன்மாதிரி! ஒப்புக்கொண்டார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேதிமணி:
எதை ஒப்புக்கொண்டேன்? முதலில் எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.