கெம்பஸ்ல சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு நாம என்ன செய்யலாம்?

வந்தாறுமூலை_பொடியன்:
கிழக்குப் பல்கலைக்கழகத்தில செகண்ட் இயர் படிக்கிறன். எங்கட பேட்ச்ல சிங்கள, முஸ்லிம், மலையகப் பிள்ளைகள் எல்லாரும் இருக்காங்க, ஆனா லெக்சர் முடிஞ்சா ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க. யூனியன்ல பெரிசா கலாசார விழா வைப்பம் எண்டு கதைக்கிறாங்க. நல்லம்தான், ஆனா போன கிழமை டெஸ்ட் ஹோல் மாத்தினத வட்சப் குரூப்ல தமிழ்ல மட்டும் போட்டுட்டாங்க, காலியில இருந்து வந்த ரெண்டு பேர் பழைய ஹோல் வாசல்லயே நிண்டு, டெஸ்ட் தொடங்கின பிறகுதான் ஓடி வந்தாங்க. அதுதான் மனசுல கிடக்கு. மத்த கெம்பஸ்ல எப்படிச் செய்யுறீங்க?

ஒலுவில்_நானா:
தம்பி, நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில படிச்சவன். 1995ல தொடங்கின கெம்பஸ், இப்ப பொறியியல் பீடத்தில எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் இருக்காங்க. மெரிட்டுக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கின மாவட்டத்துக்கு 5 எண்டு இடம் குடுக்கக்குள்ள அப்படித்தானே வரும். எங்களச் சேர்த்தது விழா இல்ல, குப்பிதான், அதாவது பிள்ளைகளே ஆளுக்காள் பாடம் சொல்லிக் குடுக்கிறது. அக்கரைப்பற்றுத் தமிழ்ப் பொடியன் மெத்ஸ் சொல்லித்தருவான், அம்பாறைச் சிங்களப் பொடியன் ட்ரோயிங். நோன்பு வந்தா பின்னேரக் குப்பிய காலைக்கு மாத்தினதும் அவங்கதான், நாங்க வாய் திறந்து கேட்கவே இல்ல. அறிவித்தல் ரெண்டு மொழியிலயும் வேணுமெண்டு நிர்வாகத்திட்ட எழுத்துல கேளுங்க, சிங்களமும் தமிழும் ரெண்டுமே அரச கரும மொழிதான், தயங்க வேணாம்.

பதுளைப்_பிள்ளை:
எங்களயும் சேர்த்துச் சொன்னதுக்கு நன்றி அண்ணா. தமிழ்தானேன்னு எங்களப் பத்தி யாரும் யோசிக்கிறதில்ல. ஃபர்ஸ்ட் இயர்ல நான் வாயத் தொறந்தாலே "தோட்டமா?"ன்னு சிரிப்பாங்க, பிரசன்டேஷன்னா முதல் நாளே வயிறு கலங்கும். பகிடிவதைக்கு 1998லயே சட்டம் வந்திருச்சு, ஆனா இந்தச் சிரிப்பும் ஒரு வதைதான்னு யாருக்கும் தோணல. மகாபொல ஸ்கொலர்ஷிப் காசு பிந்துனா சாப்பாட்டுக்கே கஷ்டம், அத வெளிய சொல்லவும் வெக்கம். வாழைச்சேனை அக்கா ஒருத்தங்க வீட்டுக்குப் போய் வர்றப்பெல்லாம் ரெண்டு சோத்துப் பார்சல் கொண்டு வருவாங்க, ஒண்ணு எனக்கு, ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கிடையாது. அந்த மாதிரி ஒரு சீனியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருந்தாப் போதும்.

கல்லடி_அக்கா:
விழாவையும் விட்டுராதீங்க தம்பி. ஆனா ஆளாளுக்குத் தங்கட ஐட்டத்த ஆடிட்டுப் போறதெண்டா பிரயோசனமில்ல. வடமோடிக் கூத்து போடுறதெண்டா சிங்களப் பிள்ளையையும் பதுளைப் பிள்ளையையும் ஆட விடுங்க, சல்லாரி, அதுதான் கூத்துக்குத் தட்டுற தாளம், அதையும் தட்டப் பழக்குங்க. எங்கட ஊர்ல மத்தளம் அடிக்கிற அண்ணாவிமாரக் கேட்டா ஆசையோட வந்து பழக்குவாங்க, ஒத்திகைக்கு ஒரு மாசமாவது வேணும், இப்பவே தொடங்குங்க.